காட்சிப் பொருளான படைக்கலங்கள்

படைக்கலம் என்றவுடன் நமக்குப் போர்க்களம் நினைவுக்கு வருகிறது. வாள் வெட்டுவதற்கு, வேல் குத்துவதற்கு, கேடயம் காப்பதற்கு என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஆயினும், மன்னர்கள் செய்வித்து வைத்த படைக்கலங்களுள் போர்முகத்தையே காணாதவையும் பல உண்டு. பொன்னால் பிடி அமைத்து, மாணிக்கம் பதித்து, உறைக்குப் பட்டுச் சுற்றி, கொலுமண்டபத்திலும் பூசையறையிலும் ஊர்வலத்திலும் மட்டுமே அவை விளங்கின. அரசாணையை அறிவிப்பதும், உறுதிமொழிக்குச் சாட்சியாய் நிற்பதும், குலத்தின் பெருமையைத் தலைமுறைக்குத் தலைமுறை ஏந்திச் செல்வதுமே அவற்றின் தொழில்.

அலங்காரப் படைக்கலத்தைப் பற்றி நம் முன்னோர் சிந்திக்காமல் இல்லை. அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனுடைய ஆயுதசாலையைக் கண்டு பாடிய பாட்டு புறநானூற்றில் 95-ஆம் பாட்டாக இருக்கிறது. அழகு செய்து காவலிட்டு வைத்த தொண்டைமானின் ஆயுதங்களைப் புகழ்வது போலத் தொடங்கி, தம் தலைவனுடைய ஆயுதங்களோ உடைந்து பழுதாகிக் கொல்லன் பட்டறையில் கிடப்பதாக அவர் முடிக்கிறார். அலங்காரம் மிகுந்த ஆயுதம் உழைக்காத ஆயுதம் என்பது அதன் குறிப்பு. உழைக்காமல் இருப்பதற்கு மன்னனின் சோம்பல் ஒன்றே காரணமன்று. ஆயுதம் ஏந்தும் உரிமை பறிபோனதாலும் வாள் அழகுப் பொருளாகலாம். இந்த இரண்டாவது காரணத்தைப் பற்றியே இக்கட்டுரையில் நாம் ஆராயப் போகிறோம்.

ஹைதராபாத்திலும் மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழ்கின்ற தமிழன்பர்கள் விடுமுறை நாளில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு பொருட்காட்சிசாலைக்குச் செல்வது வழக்கம். அங்கே குழந்தைகள் முதலில் ஓடுவது படைக்கலக் கூடத்திற்குத்தான். இந்த வாளால் எத்தனை பேரை வெட்டினார்கள் என்பதே அவர்கள் கேட்கும் முதற் கேள்வி. அதற்குப் பெரும்பாலும் விடை கிடையாது. ஆனால், எழுப்ப வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. எங்கோ ஒரு தேசத்தில், யாரோ ஒருவர் இடுப்பில் பெருமையுடன் விளங்கிய இந்த வாள் இங்கே எப்படி வந்தது? தொலைதூர நாட்டார் ஒருவரின் ஆயுதத்தைத் தம் வீட்டுச் சுவரில் மாட்டிவைக்க வேண்டுமென்று மற்றொருவருக்கு ஏன் தோன்றிற்று?

பிற நாட்டு ஆயுதங்களை விரும்புவது ஐரோப்பியருக்கு மட்டும் உரிய குணம் என்று கருதிவிடக் கூடாது. போர்த்துக்கேயர் முதலியோர் நம் கடற்கரைக்கு வந்த காலத்திலிருந்து ஐரோப்பிய வாளலகுகள் இந்தியாவில் மிகவும் மதிக்கப்பட்டன. மராத்திய நாட்டில் அந்த அலகுகளுக்கு உள்நாட்டுப் பிடி பொருத்திய வாளுக்கு 'ஃபிரங்கி' என்றே பெயர் வழங்கிற்று. தஞ்சை அரண்மனையில் இருந்த கட்டாரிகள் பலவற்றின் அலகு ஐரோப்பாவில் வடிக்கப்பட்டது. பிடியும் அதன்மேல் செதுக்கிய யாளியும் கொடியும் நம் நாட்டுக் கம்மியரின் கைவண்ணம். அயல்நாட்டு இரும்பை வாங்கித் தம் நாட்டு வடிவத்தில் இணைத்து அவர்கள் இடுப்பில் தரித்தார்கள். அங்கே ஆயுதம் இடம் மாறியும் ஆயுதமாகவே இருந்தது. பிற்காலத்தில் ஐரோப்பியர் நம் ஆயுதங்களைச் சேகரித்த முறை இதிலிருந்து வேறுபட்டது. அவர்கள் கைக்குப் போன ஆயுதம் அத்துடன் தன் தொழிலை முடித்துக்கொண்டது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு நம் அண்டை நாடான இலங்கையில் கிடைக்கிறது. 1765-ஆம் ஆண்டில் டச்சுக் கம்பெனியின் படை கண்டி நகரினுள் புகுந்து அரண்மனையைச் சூறையாடிற்று. அப்பொழுது கண்டியில் அரசு செலுத்தியவர் மதுரை நாயக்கர் வழியில் வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கர். அன்று எடுத்துச் செல்லப்பட்ட பொருள்களுள் ஒரு சிறு பீரங்கியும் உண்டு. வெண்கலத்தால் ஆன அதன்மேல் பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைக்கப்பட்டிருக்கின்றன. சூரியன், பிறை, சிங்கம் ஆகிய கண்டி அரசின் சின்னங்கள் அதில் பொலிகின்றன. லேவுகே திசாவை என்ற பிரபு 1740-களில் மன்னருக்குக் காணிக்கையாக அளித்தது அது என்பதை அதில் பொறித்துள்ள சிங்கள எழுத்துக்களே கூறுகின்றன. அரச விசுவாசத்தின் அடையாளமாக விளங்கிய அந்தப் பீரங்கி, ஹாலந்து அதிபரின் விசித்திரப் பொருள்கள் நிறைந்த அறைக்குப் போயிற்று. அங்கிருந்து பிற்காலத்தில் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரெய்க்ஸ் பொருட்காட்சிசாலைக்குச் சென்றது. பொன்னாலும் வெள்ளியாலும் அணிசெய்த, சிங்கமுகப் பிடியுடைய 'கஸ்தானை' என்னும் உடைவாள்களும் அந்த நாட்டுக் காட்சிசாலையில் சேர்ந்தன.

மூன்று பத்தாண்டுகளுக்குப் பின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இதே காட்சி பன்மடங்கு பெரிதாக நிகழ்ந்தது. 1799-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் தேதி கோட்டை வீழ்ந்தது; திப்பு சுல்தான் மடிந்தார். வென்ற படையினர் கொள்ளைப் பொருளைப் பங்கிட்டுக்கொள்வதற்கு ஒரு குழுவையே அமைத்தனர். புலி வடிவங்கள் தாங்கிய பொன் சிம்மாசனம் பங்கு போடுவதற்காகத் துண்டு துண்டாக உடைக்கப்பட்டது. திப்புவின் வாள்களும் துப்பாக்கிகளும் அதிகாரிகளின் வீடுகளுக்குச் சென்றன. அவருடைய படுக்கையறையில் இருந்த வாள், கோட்டையைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கிய டேவிட் பெயர்டு என்பவருக்குப் படையினரால் அளிக்கப்பட்டது. இந்தப் பெயர்டுதான் 1780-ஆம் ஆண்டில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூர்ப் போரில் பிடிபட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் பல ஆண்டுகள் வாடியவர். தம்மைச் சிறைவைத்த அரசின் வாள் அவர் கையில் வெற்றிச் சின்னமாக வந்து சேர்ந்தது. அதே வாள் 2023-ஆம் ஆண்டு மே மாதம் லண்டன் ஏலத்தில் சுமார் 1 கோடியே 40 லட்சம் பவுனுக்கு விலைபோயிற்று.

அக்காலத்தில் சென்னையின் கவர்னராக இருந்தவர் எட்வர்டு கிளைவ். பிளாசிப் போரில் பெயர்பெற்ற ராபர்ட் கிளைவின் மகன். திப்புவின் சீட்டித்துணிக் கூடாரமும், சிம்மாசனத்தின் புலித்தலைகளுள் ஒன்றும், படைக்கலங்களும் கிளைவ் குடும்பத்தாரிடம் சேர்ந்து, வேல்ஸ் நாட்டில் அவர்களுடைய போவிஸ் கோட்டையை அலங்கரித்தன. அவற்றை இன்றும் அங்கே காணலாம். இதே எட்வர்டு கிளைவ் 1801-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மற்றொரு காரியமும் செய்தார். மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட சில வாரங்களுக்குள், தென்பாளையங்களில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாதென்றும், பாளையக்காரர் முறை ஒழிக்கப்பட்டதென்றும் பிரகடனம் வெளியிட்டார். ஒருபுறம் தென்னாட்டு மன்னரின் ஆயுதங்கள் கவர்னர் குடும்பத்தின் அருமைச் சேகரத்தில் இடம்பெறுகின்றன. மறுபுறம் தென்னாட்டுக் குடிகளின் கையிலிருந்து வேலும் வாளும் துப்பாக்கியும் பறிக்கப்படுகின்றன. இவ்விரண்டும் ஒரே ஆட்சியின் இரண்டு செயல்கள். ஒன்றைத் தவிர்த்து மற்றொன்றை நாம் விளங்கிக்கொள்ள இயலாது.

தஞ்சாவூர்ப் படைக்கலங்களின் கதை இன்னும் வருந்தத்தக்கது. 1855-ஆம் ஆண்டில் தஞ்சை மன்னர் சிவாஜி ஆண்வாரிசு இன்றிக் காலமானார். கம்பெனியார் அரசுரிமையை ரத்து செய்தனர். நாயக்கர் காலத்திலிருந்தும் மராத்தியர் காலத்திலிருந்தும் சேர்ந்திருந்த அரண்மனை ஆயுதசாலைக்கு உடையவர் இல்லாமற் போயிற்று. 1860-களில் அங்கிருந்த கட்டாரிகளும் வாள்களும் யானை அங்குசங்களும் குவியல் குவியலாக வெளியே வந்தன. சிறந்தவை எனத் தேர்ந்தெடுத்த ஒரு பகுதி சென்னை அரசாங்கப் பொருட்காட்சிசாலைக்குச் சென்றது. எஞ்சியவற்றை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். சென்னை சிவில் சர்வீஸில் பணியாற்றிய வால்ஹவுஸ் என்பவர் 1878-ஆம் ஆண்டில் 'இந்தியன் ஆன்டிக்குவரி' இதழில் இதனை வருத்தத்துடன் பதிவு செய்திருக்கிறார். சென்னையார் 'செத்த காலேஜ்' என்று வேடிக்கையாகப் பெயரிட்ட எழும்பூர்க் காட்சிசாலையில் இன்று நாம் காணும் தஞ்சைக் கட்டாரிகள் அந்த உலையிலிருந்து தப்பியவை. சேகரிப்பவரின் ஆசை சில சமயம் அழிவிலிருந்து காப்பாற்றுவதும் உண்டென்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். உலைக்குப் போன வாளைக் காட்டிலும் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் வாள் மேலானது. ஆனால், அந்த ஆயுதசாலையை உடையவரற்றதாக ஆக்கியவர்களே அதில் எது அழகியது, எது பழைய இரும்பு என்றும் தீர்மானித்தார்கள் என்பதை மறந்துவிடலாகாது.

இனி 1870-களுக்கு வருவோம். உலகெங்கும் சடங்குப் படைக்கலங்கள் காட்சிப் பொருள்களாக மாறிய பத்தாண்டு என்றே அதனைச் சொல்லிவிடலாம். 1874-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஆங்கிலப் படை மேற்கு ஆப்பிரிக்காவில் ஆசந்தே அரசின் தலைநகரான குமாசியைக் கைப்பற்றி அரண்மனையைச் சூறையாடிற்று. ஆசந்தே மக்களிடையே வாள் என்பது போர்க்கருவியினும் மேலான ஒன்று. பொன்தகடு போர்த்திய பிடியும் அகன்ற அலகும் உடைய அந்த வாள்களைத் தூதர்களும் அரண்மனை அதிகாரிகளும் ஏந்துவர். 'ம்பொம்பொன்சுவோ' எனப்படும் வாளின் முன்னே பதவியேற்பு உறுதிமொழி கூறப்படும். அந்த வாள் இல்லாத பதவியேற்பு, தாலியில்லாத திருமணம் போன்றது என்று நம்மவர்க்கு விளங்கும்படி சொல்லலாம். இத்தகைய பொற்பொருள்கள் லண்டனுக்குக் கொண்டுபோகப்பட்டு விற்பனையாகிக் காட்சிசாலைகளில் அமர்ந்தன.

அடுத்த ஆண்டு, 1875 நவம்பர் மாதத்தில், வேல்ஸ் இளவரசர் ஆல்பர்ட் எட்வர்டு பம்பாயில் வந்து இறங்கினார். நான்கு மாதங்கள் இந்தியா முழுவதும் சுற்றினார்; டிசம்பரில் தூத்துக்குடி, மதுரை, திருச்சிராப்பள்ளி வழியாகச் சென்னைக்கும் வந்தார். சமஸ்தானாதிபதிகள் அவருக்கு அளித்த பரிசுகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை. பெரும் பொருட்செலவைத் தவிர்த்துப் பழைய ஆயுதங்களும் உள்நாட்டுக் கைவினைப் பொருள்களும் அளித்தால் போதும் என்ற கருத்து மன்னர்களுக்கு முன்னரே தெரிவிக்கப்பட்டிருந்தது. ஆகவே வாளும் கட்டாரியும் கேடயமும் மிகுதியாகக் குவிந்தன. இவை இங்கிலாந்திலும், 1878-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிலும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. பின்னர் ஆயுதங்களிற் பல சாண்ட்ரிங்ஹாம் அரண்மனைச் சுவர்களில் ஏறின.

முகலாயர் காலத்து வழக்கப்படி, மேலான அரசர் தமக்குக் கீழ்ப்பட்டவருக்கு உடையும் உடைவாளும் அளித்துச் சிறப்புச் செய்வதுண்டு. ஒருவர் மற்றொருவரிடம் தம் வாளை ஒப்படைப்பதற்கோ வேறு பொருள் உண்டு. சமஸ்தானாதிபதிகள் தங்கள் குலத்து வாளை இளவரசரின் கையில் கொடுத்தபோது அதை நட்புப் பரிசாகக் கருதினார்களா, அடங்கி நடப்பதன் அறிகுறியாகக் கருதினார்களா என்பதை வாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. இளவரசரின் அருகில் நின்றவர்கள் மட்டும் இரண்டாவது பொருளை எளிதாக உணர்ந்திருப்பார்கள்.

அந்தப் பயணம் முடிந்த இரண்டாம் ஆண்டில், 1878-இல், வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் எவரும் லைசென்ஸ் இன்றி ஆயுதம் வைத்திருக்கலாகாது என்று அது விதித்தது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. நாட்டு மக்களின் சுயமரியாதையைப் புண்படுத்திய சட்டம் என்று காங்கிரஸ் மகாசபை ஆண்டுதோறும் இதனைக் கண்டித்தது. சட்டம் வந்த இரண்டாண்டுகளுக்குப் பின், 1880-இல், வில்பிரகாம் எகர்ட்டன் என்ற ஆங்கிலக் கனவான் இந்திய ஆயுதங்களைப் பற்றிய படங்களுடன் கூடிய கைந்நூலை வெளியிட்டார். இந்திய ஆயுதங்களை வட்டாரம் வட்டாரமாக வகைப்படுத்தி விளக்கிய அந்நூல் இன்றும் ஆராய்ச்சியாளருக்குப் பயன்படுகிறது. எகர்ட்டனின் உழைப்பையும் ரசனையையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், இந்தியர் தம் ஆயுதத்தைத் தொடுவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டியிருந்த அதே காலத்தில், அந்த ஆயுதத்தைப் பற்றிய அறிவு லண்டனில் நூலாகியது என்பதும் உண்மை.

ஜப்பானிலும் ஏறத்தாழ இதுவே நிகழ்ந்தது. அங்கே அதனைச் செய்தவர்கள் அந்நாட்டு ஆட்சியாளரே. 1876-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், போர்வீரர் வகுப்பார் பொதுவிடங்களில் வாள் தரித்துச் செல்லக் கூடாதென்று மெய்ஜி அரசாங்கம் ஆணையிட்டது. படைவீரரும் போலீஸாரும் சடங்குகளில் உரிய உடையணிந்தோரும் மட்டுமே வாள் தரிக்கலாம் என்றாயிற்று. தலைமுறை தலைமுறையாக இடுப்பை விட்டகலாத இரட்டை வாள் அன்றிலிருந்து பெட்டிக்குள் புகுந்தது. வறுமையுற்ற குடும்பங்கள் வாளை விற்றன; வாளின் கைகாப்புத் தகடுகளும் பிடியலங்காரங்களும் கப்பலேறி ஐரோப்பிய, அமெரிக்க ரசிகரிடம் சேர்ந்தன. வாளுக்கு அணிசெய்து வாழ்ந்த பொற்கொல்லர் பூச்சாடிகளும் பேழைகளும் செய்து ஏற்றுமதி செய்யத் தொடங்கினர். பஞ்சாபில் சீக்கிய அரசு 1849-இல் மறைந்தபின், எஃகின்மேல் பொற்கம்பி பதிக்கும் 'கொஃப்த்காரி' தொழிலாளருக்கும் இதே கதி நேர்ந்தது. சியால்கோட்டிலும் குஜராத் நகரத்திலும் வாளுக்கும் கேடயத்திற்கும் பொன் இழைத்தவர்கள், ஐரோப்பியர் வீட்டு மேசைக்குத் தட்டும் மைக்கூடும் நகைப்பெட்டியும் செய்து வயிறு வளர்த்தனர். ஆயுதம் காட்சிப் பொருளானபோது ஆயுதம் செய்தவனின் கலையும் மேசை அலங்காரமாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் சேகரிப்போர் வேறு வகையினர். கோட்டை பிடித்து எடுத்தவர்களின் பேரர்கள் விற்றதைக் கடைவீதியில் காசு கொடுத்து வாங்கியவர்கள் இவர்கள். அமெரிக்கச் சுரங்கப் பொறியாளரும் உலோக நிபுணருமான ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் என்பவர் ஆசிய நாடுகளின் ஆயுதங்களை வாழ்நாள் முழுவதும் சேகரித்தார். எல்லா நாட்டு ஆயுதங்களின் பெயர், அமைப்பு, அலங்காரம், பயன் ஆகியவற்றை விளக்கும் பேரகராதி ஒன்றை 1934-ஆம் ஆண்டில் வெளியிட்டார். மறு ஆண்டு அவர் காலமானார். அவருடைய சேகரம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் காட்சிசாலைக்கு உரியதாயிற்று.

நம் நாட்டிலும் ஒருவர் இருந்தார். ஹைதராபாத் சமஸ்தானத்தின் திவானாக 1912 முதல் 1914 வரை பணியாற்றிய மூன்றாம் சாலார் ஜங், மீர் யூசுப் அலி கான், பதவியை விட்டபின் தம் செல்வம் முழுவதையும் கலைப்பொருள்களுக்கே செலவிட்டார். ஐரோப்பா, சீனம், ஜப்பான், பாரசீகம் முதலிய நாடுகளின் பொருள்கள் அவரைத் தேடிவந்தன. அவர் 1949-இல் காலமான பின், 1951-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் தேதி நேரு அவர்கள் அந்தச் சேகரத்தைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தார். 1961-இல் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிலையமாகச் சட்டத்தால் அறிவிக்கப்பட்டது. ஹைதராபாதில் வாழும் தமிழன்பர்கள் அங்கே முகலாய வாளையும் ஜப்பானிய வாளையும் ஒரே பிற்பகலில் பார்த்துவிடலாம். இந்தியர் ஒருவரும் தொலைதூர நாட்டு வாள்களை விலைகொடுத்து வாங்கி மகிழ்ந்திருக்கிறார் என்பதையும் அப்பொழுது எண்ணிப் பார்க்கலாம். சேகரிக்கும் ஆசை எல்லா நாட்டாருக்கும் பொதுவானது. அந்த ஆசை என்ன வழியில் நிறைவேறிற்று என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம், காட்சிசாலைகளில் பொருளைப் பார்ப்பதற்கு முன் அதன் கீழே உள்ள குறிப்புப் பலகையைப் படிக்கும் பழக்கமுடையோம். அங்கே வினைச்சொற்கள் நம் கவனத்தை ஈர்க்கின்றன. 'பெறப்பட்டது', 'வந்து சேர்ந்தது', 'அளிக்கப்பட்டது' என்று எழுதியிருக்கும். யார் பெற்றார், யாரிடமிருந்து பெற்றார், அவர் மனமுவந்து கொடுத்தாரா என்பன தெரியா. எழுவாய் எங்கோ மறைந்துவிடும். நல்ல தமிழில் செயப்பாட்டுவினை குறைவாகவே வரும், 'யார் செய்தது?' என்று நம் மொழியின் அமைப்பே கேட்கும். அந்தக் கேள்வியை மொழிபெயர்ப்பில் எழுப்பினால், பல காட்சிசாலைகளின் பலகைகளுக்குப் புதிதாக ஒரு வாக்கியம் தேவைப்படும். மற்றொரு குறையும் உண்டு. கட்டாரி, கஞ்சர், பேஷ்கப்ஸ், கிரிஸ் என்று தனித்தனிப் பெயரும் தனித்தனி மரபும் உடைய ஆயுதங்கள் அனைத்தையும் 'குத்துவாள்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது. ஜாவாவில் கிரிஸ் என்பது தந்தை மகனுக்கு விட்டுச்செல்லும் குலதனம். அதற்குரிய வழிபாடும் சடங்கும் உண்டு. அதன் பெயரை இழந்தால் பாதிப் பொருளை இழந்தவர்களாவோம்.

உண்மையை ஒளிக்காமல் எழுதும் காட்சிசாலைகளும் உள்ளன. சிவாஜி மகாராஜா அப்சல்கானை வீழ்த்தப் பயன்படுத்தியதாகக் கூறப்படும் புலிநகம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலைக்கு உரியது. 1818 முதல் 1822 வரை சாதாராவில் ரெசிடெண்டாக இருந்த கிராண்ட் டஃப் அதனைக் கொண்டு சென்றார். அது சிவாஜியின் கையில் இருந்ததுதான் என்று உறுதி செய்ய இயலவில்லை என அந்தக் காட்சிசாலையாரே தெரிவித்திருக்கிறார்கள். 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மூன்றாண்டுக் கடனாக அது சாதாராவுக்கு வந்தபோது மக்கள் திரளாகச் சென்று பார்த்தார்கள். ஐயத்துக்குரிய பொருளுக்கே இத்தனை அன்பென்றால், மக்கள் தேடுவது இரும்பைத்தானா, தங்கள் வரலாற்றையா என்பது தெளிவாகிறது.

அண்மை ஆண்டுகளில் இத்தகைய படைக்கலங்கள் சில தாய்நாட்டை நோக்கித் திரும்பத் தொடங்கியிருக்கின்றன. 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் தேதி, கிளாஸ்கோ நகரக் காட்சிசாலையினர் ஏழு பொருள்களை இந்தியாவுக்கு உரியவை என ஒப்புக்கொண்டு உடன்படிக்கை செய்தனர். அவற்றுள் ஒன்று ஹைதராபாத் நிஜாமின் சேகரத்திலிருந்த சடங்கு வாள். அது 1905-ஆம் ஆண்டில் களவாக விற்கப்பட்டு, ஆர்ச்சிபால்டு ஹண்டர் என்ற தளபதியின் கைக்குப் போனதென்று காட்சிசாலையே அறிவித்தது. காசு கொடுத்து வாங்கியது என்பதால் மட்டும் ஒரு பொருளின் வழி நேரானதாகிவிடாது என்பதற்கு இது சான்று. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் நெதர்லாந்து அரசு கண்டிப் பீரங்கியையும், பொன் வெள்ளிக் கஸ்தானை வாள்களையும், வேறு மூன்று ஆயுதங்களையும் கொழும்புத் தேசியக் காட்சிசாலையிடம் சேர்த்தது. 258 ஆண்டுகளுக்குப் பின் அவை தீவுக்குத் திரும்பின.

ஆசந்தே வாளின் நிலை வேறு. 2024-ஆம் ஆண்டு மே மாதம் குமாசியின் மன்ஹியா அரண்மனைக் காட்சிசாலையில், லண்டன் காட்சிசாலைகள் இரண்டு அனுப்பிய 32 பொருள்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. உறுதிமொழி வாளும் அவற்றுள் இருந்தது. ஆனால், அவை கடனாகவே வந்தன. தம்மிடமுள்ள பொருளை நிரந்தரமாகக் கொடுத்துவிட அந்நாட்டுச் சட்டம் அக்காட்சிசாலைகளை அனுமதிப்பதில்லை. தம் முன்னோரின் வாளைத் தவணைக் கணக்கில் வாங்கிப் பார்க்கும் நிலை ஆசந்தே மக்களுக்கு. மராத்தியருக்கு வாய்த்த வழி மற்றொன்று. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் லண்டன் ஏலத்துக்கு வந்த நாகபுரி ரகுஜி போன்ஸ்லேயின் வாளை, மகாராஷ்டிர அரசாங்கம் சுமார் 47 லட்சம் ரூபாய் செலுத்தி மீட்டது. ஆகஸ்டு மாதத்தில் அது மும்பைக்கு வந்தது. அதன் அலகு ஐரோப்பியரது. அதன்மேல் பொன்னெழுத்து நாகரி. ஐரோப்பாவில் பிறந்த இரும்பு மராத்திய நாட்டில் பெயர் பெற்று, மீண்டும் ஐரோப்பா சென்று, மறுபடி நம் நாட்டுக்கு வந்திருக்கிறது. அந்த வாளுக்கு எது தாய்நாடு என்று கேட்டால், அதற்குப் பெயர் வைத்து ஏந்திய நாடே தாய்நாடு என்று நாம் விடை கூறுவோம். பிறந்த ஊரை விட்டு வந்து வேற்று மாநிலத்தில் வேர்விட்டிருக்கும் நேயர்கள் இந்த விடையை ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்புகிறோம்.

எல்லாப் பொருள்களும் புறப்பட்ட இடத்திற்கே திரும்பிவிட வேண்டும் என்று நாம் வாதிக்கவில்லை. நட்பாகக் கொடுத்தது உண்டு. நேர்மையாக விற்றது உண்டு. உலையிலிருந்து காப்பாற்றியதும் உண்டு. அப்படியானால் அந்தக் கதையைப் பலகையில் எழுதிவைப்பதில் யாருக்கும் தடை இராது. எழுதுவதற்குக் கூசுகின்ற இடத்தில்தான் திருப்பிக் கொடுப்பதைப் பற்றிய பேச்சு தொடங்க வேண்டும். ஆகவே, இனிக் காட்சிசாலைக்குச் செல்லும்போது குழந்தைகளுக்கு நான்கு கேள்விகளைச் சொல்லிக்கொடுங்கள். இதைச் செய்தவர் யார்? ஏந்தியவர் யார்? எந்த ஆண்டில் இடம் மாறிற்று? என்ன வழியில் மாறிற்று? விடை பலகையில் இல்லையானால் அங்குள்ள அலுவலரிடம் பணிவுடன் கேட்கலாம். கேள்வி கேட்போர் பெருகினால் பலகைகளும் திருந்தும்.

இறுதியாக ஒன்று. நேயர்களுள் சிலர் வீட்டில், ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய கட்டாரியோ உடைவாளோ இருக்கக்கூடும். சரஸ்வதி பூசையன்று சந்தனம் இட்டு மீண்டும் பெட்டியில் வைத்துவிடுவார்கள். நூறாண்டு கடந்த பொருளாயின் அது தொல்பொருள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதனை வெளிநாட்டுக்கு அனுப்புவது தடைசெய்யப்பட்டிருக்கிறது. அந்த வாள் யாருடையது, எந்த ஊரில் எந்தக் கோயிலுக்கு அல்லது அரண்மனைக்கு முன் ஏந்தப்பட்டது, யார் கைமாறி உங்களிடம் வந்தது என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி, ஆண்டும் கையொப்பமும் இட்டு, அதனுடனேயே வையுங்கள். தஞ்சையில் பழைய இரும்பாக உடைந்துபோன வாள்களுக்கு அப்படி ஒரு தாள் இருக்கவில்லை.